அப்பாவுக்குச் சுகர், வீட்டில் 23 பாக்கெட்: எங்கே தொடங்குவது?

எல்லைக்கல் | சனி, இரவு 9.40

குமரி மாவட்டத்தில், கேரள எல்லையை ஒட்டி, களியக்காவிளைக்கு இந்தப் பக்கம் வீடு. அப்பாவுக்கு 63 வயது. போன வாரம் எடுத்த ரத்தப் பரிசோதனையில் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி (HbA1c) 7.9 சதவீதம் என்று வந்தது. டாக்டர் மாத்திரை எழுதினார், நடக்கச் சொன்னார், "பேக்கரி சாமானைக் குறைங்க" என்றார். அதற்கு மேல் அவரிடம் கேட்க முடியவில்லை, வெளியே நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் சமையலறையில் இருந்த பாக்கெட்டுகளை எல்லாம் எடுத்து மேசையில் அடுக்கினேன். புட்டுப் பொடி, இடியாப்பப் பொடி, சாம்பார் பொடி, மீன் மசாலா, நூடுல்ஸ், மூன்று வகை பிஸ்கட், ரஸ்க், ஜாம், மசாலா போட்ட ஓட்ஸ், பாலில் கலக்கும் மால்ட் பொடி, கல்லில் போட்டுச் சூடு பண்ணினால் போதும் என்கிற பரோட்டா... மொத்தம் 23. அம்மா கதவில் சாய்ந்து நின்று பார்த்துவிட்டு, "மக்ளே, கடை போடப் போறியா?" என்று கேட்டாள்.

அப்பா நாலு மணிச் சாயாவுக்கு ஆறு பிஸ்கட் எடுப்பார். முக்கி, பாதி உடைந்து கிளாஸுக்குள் விழுந்தால் கரண்டியால் எடுத்துச் சாப்பிடுவார். கேட்டால், "இது கோதுமை பிஸ்கட்டு, சுகர்காரங்களுக்கு உள்ளதாக்கும்" என்கிறார்.

எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு ஆச்சி காலத்துச் சாப்பாட்டுக்கே போய்விடலாமா என்று யோசிக்கிறேன். சம்பா அரிசிக் கஞ்சி, பயறு, மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு), சாளை மீன். நானும் மனைவியும் வேலைக்குப் போகிறோம். எங்கே தொடங்குவது?

சாளைப்புளிக்கறி | சனி, இரவு 9.58

முதலில் அந்த மேசையைக் காலி பண்ணு தம்பி, ராத்திரி சோறு எங்கே வைப்பாங்க?

தட்டும்தராசும் | சனி, இரவு 10.31

நான் நாகர்கோவிலில் உணவு ஆலோசகராக இருக்கிறேன். சாப்பாட்டை மாற்றினால் சர்க்கரை அளவும் மாறும். அதனால் மாத்திரையை டாக்டரிடம் கேட்காமல் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். இதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அந்தக் கோதுமை பிஸ்கட்டைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். சேர்மானப் பட்டியலை எடை அதிகமானதில் தொடங்கி இறங்குவரிசையில் எழுத வேண்டும் என்பது சட்டம். முதலில் இருப்பதுதான் அதிகம். அநேகமாக 'சுத்திகரிக்கப்பட்ட கோதுமை மாவு' என்று இருக்கும், அதாவது நம்ம மைதா. மைதாவும் கோதுமையிலிருந்து வருவதுதானே, அதனால் முன்பக்கத்தில் கோதுமைக் கதிர் படம் போட்டதைப் பொய் என்று சொல்ல முடியாது. அடுத்து சர்க்கரை, அப்புறம் பாமாயில். கீழே 100 கிராமுக்கு எவ்வளவு சர்க்கரை என்று இருக்கும், அதையும் பார்த்துச் சொல்லுங்கள்.

எல்லைக்கல் | சனி, இரவு 10.50

அம்மாவின் கண்ணாடியை வாங்கிப் போட்டுத்தான் படிக்க முடிந்தது. மைதா முதல், சர்க்கரை இரண்டாவது, பாமாயில் மூன்றாவது. முழுக் கோதுமை மாவு நாலாவது இடத்தில், 9 சதவீதம். சர்க்கரை 100 கிராமுக்கு 24 கிராம்.

தட்டும்தராசும் | சனி, இரவு 11.05

ஒரு பிஸ்கட் எட்டு கிராம் என்றால் ஆறுக்கு 48 கிராம். அதில் சர்க்கரை சுமார் 11.5 கிராம், சாயாவில் போடுவது தனி. உணவில் சேர்க்கும் சர்க்கரை மொத்தச் சக்தியில் பத்து சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும், ஐந்தாகக் குறைந்தால் இன்னும் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஐந்து சதவீதம் என்பது ஒரு நாளைக்குச் சுமார் 25 கிராம். அது பொதுவான கணக்கு. சுகர் உள்ளவருக்கு மைதாவும் சேர்ந்து ஏற்றும்.

பனையேறி_பேரன் | ஞாயிறு, காலை 6.12

சீனியை விட்டுக் கருப்பட்டிக்கு மாறச் சொல்லுங்க. கருப்பட்டி சுகரைக் குறைக்கும். எங்க தாத்தா 90 வயது வரை கருப்பட்டிக் காப்பிதான் குடித்தார், ஒரு மாத்திரை முழுங்கினது கிடையாது. மாத்திரையே தேவையில்லாம

*[இதற்குப் பிறகு வந்த வரிகள் நீக்கப்பட்டன. மாத்திரையை நிறுத்தச் சொல்லும் பதிவுகளுக்கு இங்கே இடமில்லை. கருப்பட்டியைப் பற்றித் தாராளமாகப் பேசலாம். - நெறியாளர்]*

தட்டும்தராசும் | ஞாயிறு, காலை 7.20

தம்பி, உங்க தாத்தா பனை ஏறினார். ஒரு நாளைக்கு எத்தனை பனை, எத்தனை தடவை என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள். அப்படி ஏறி இறங்குகிற உடம்புக்குக் கருப்பட்டி என்ன, சீனியே கொடுத்தாலும் எரித்துவிடும். கருப்பட்டியில் கொஞ்சம் தாது உப்புகள் உண்டு, ருசி உண்டு, ஆனால் அதில் பெரும்பகுதி சர்க்கரைதான். எல்லைக்கல்லின் அப்பாவுக்கு அது மருந்து கிடையாது.

சாளைப்புளிக்கறி | ஞாயிறு, காலை 7.44

அதுவும் இப்போ கடையில் வருவதில் பாதி சீனியை உருக்கி ஊற்றினது. பதநீர் சீசன் இல்லாத மாதத்திலும் மலை மாதிரி குவிஞ்சு கிடக்கே, எந்தப் பனை தருது?

குழித்துறைப்பாலம் | ஞாயிறு, காலை 9.15

'ஆச்சி காலத்துச் சாப்பாடு' பட்டியலில் மரச்சீனியைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது. கேலி இல்லை, எனக்கும் அது உயிர். ஆனால் அது நம்ம ஊர்க் கிழங்கே இல்லை. பிரேசில் பக்கத்துச் செடி, போர்ச்சுக்கீசியர் மூலம் மலையாளக் கரைக்கு வந்தது. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா அதை எல்லா ஊரிலும் நடச் செய்தார். அன்றைக்கு நம்ம விளவங்கோடு, கல்குளம் தாலுகாக்கள் திருவிதாங்கூரில்தானே, 1956 நவம்பர் 1-ல்தான் நாம் தமிழ்நாட்டுப் பக்கம் வந்தோம். 1942-ல் பர்மா ஜப்பான்காரன் கைக்குப் போய் அரிசி வருவது நின்றபோது திருவிதாங்கூரின் வயிற்றைக் காப்பாற்றியது இந்தக் கிழங்குதான். எங்க ஆச்சி அந்த நாட்களைப் பற்றிப் பேசும்போது, "மூணு நேரமும் கிழங்கு, சோறுன்னா திருவிழா" என்பாள். பெருமையாகச் சொன்னதில்லை.

ஆச்சி அதை அவிக்கிற விதத்தைச் சின்ன வயதில் தினமும் பார்த்திருக்கிறேன். தோலை நீளவாக்கில் கீறி ஒரே இழுப்பில் உரிப்பாள். உள்தோல் ரோஸ் நிறத்தில் துளி கூட ஒட்டியிருக்கக் கூடாது. துண்டு போட்டு, மூழ்கிய பிறகும் நாலு விரல் நிற்கிற அளவு தண்ணீர், மூடி போடாமல் கொதி. அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டிவிடுவாள். கசப்புக் கிழங்கு என்றால் இன்னொரு தடவை தண்ணீர் மாற்றுவாள். காரணம் கேட்டால், "கட்டு இறங்கணும்" என்பாள். கிழங்கில் சயனைடு விடுகிற பொருள் இருக்கிறது, வெட்டிக் கொதிக்கவைத்து வடித்தால் பெரும்பாலும் போய்விடும் என்று பின்னாடிதான் படித்தேன். மரச்சீனி இலையைத் தின்று ஆடு செத்த கதை இந்தப் பக்கம் எல்லா வீட்டிலும் இருக்கும். இயற்கையாக விளைவது என்றால் அப்படியே வாயில் போடலாம் என்று நினைக்கிறவர்களுக்காக இதை எழுதினேன்.

தட்டும்தராசும் | ஞாயிறு, காலை 10.02

அருமை. கூடவே மீன் வைத்துச் சாப்பிட்டதும் சும்மா இல்லை. கிழங்கில் புரதம் மிகக் குறைவு, மிச்சமிருக்கும் விஷத்தை உடம்பு முறிப்பதற்கும் புரதம் வேண்டும். சாளை அதைத் தந்தது.

ஆனால் சுகர் கணக்கில் மரச்சீனி மாவுச்சத்து மூட்டைதான். 100 கிராம் பச்சைக் கிழங்கில் 38 கிராம் மாவுச்சத்து. அப்பாவுக்கு ஆசைக்கு நாலு துண்டு, பக்கத்தில் நிறைய மீனும் கீரையும். கிண்ணம் நிறைய கிழங்கும் தொட்டுக்கொள்ளக் காந்தாரிமிளகுச் சம்மந்தியும் என்றால் பிஸ்கட்டே தேவலை என்று ஆகிவிடும்.

பாறசாலைமருமகள் | ஞாயிறு, மதியம் 2.37

சமையல் முடித்து, பாத்திரம் கழுவிவிட்டு இப்போதுதான் படிக்கிறேன். ஆச்சி சாப்பாடு, பாட்டி சாப்பாடு என்று இதுவரை எழுதினவர்கள் எல்லாம் ஆம்பிளைகள் என்று நினைக்கிறேன், தப்பாக இருந்தால் மன்னிக்கவும்.

என் பிறந்த வீடு மார்த்தாண்டம் பக்கம், கட்டிக்கொடுத்தது பாறசாலைக்கு. இரண்டு வீட்டிலும் ஒரே கதைதான். எங்க அம்மம்மை விடியற்காலம் நாலரைக்கு எழுந்து அம்மியில் தேங்காய் அரைப்பாள். பகல் பதினொன்றுக்கு மீன் வரும், உட்கார்ந்து செதில் சுரண்டுவாள். மத்தியானம் நெல் அவிப்பு, சாயங்காலம் பயறு உடைப்பு. வலது தோள் பட்டை கடைசிவரை வலித்தது. அந்தச் சாப்பாடு நல்ல சாப்பாடுதான், மறுக்கவில்லை. அதில் அவள் ஆயுசு கரைந்திருந்தது.

எனக்குத் திருவனந்தபுரத்தில் வேலை. ஆறே முக்காலுக்கு ரயில். எங்க வீட்டில் புட்டுப் பொடி பாக்கெட்தான், அதை நான் விட மாட்டேன். திருப்பிப் பாருங்கள், சேர்மானம்: அரிசி. அவ்வளவுதான். எல்லைக்கல் சகோ, உங்கள் 23 பாக்கெட்டும் ஒரே ஜாதி கிடையாது. எதில் ஒரே ஒரு பொருள் இருக்கிறது, எதில் பதினைந்து பொருள் இருக்கிறது என்று முதலில் பிரியுங்கள். அதற்கப்புறம், யார் அரைக்கப் போகிறார்கள் என்று வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள். "நாம இனிமே இயற்கையா சாப்பிடப் போறோம்" என்று நீங்கள் அறிவிப்பதும், உங்க மனைவி அம்மியில் உட்காருவதும் என்றால் இந்த இழையை மூடிவிடலாம்.

எல்லைக்கல் | ஞாயிறு, மதியம் 3.10

மனைவியிடம் படித்துக் காட்டினேன். "அந்த அக்கா நம்பர் கேளுங்க" என்கிறாள்.

தட்டும்தராசும் | ஞாயிறு, மாலை 4.25

மருமகள் சொன்னதற்கு நெருக்கமான பிரிவுதான் நோவா வகைப்பாடு என்று உலகம் முழுக்கப் பேசப்படுகிறது. பிரேசிலில் சாவோ பாவ்லோ பல்கலைக்கழகப் பேராசிரியர் கார்லோஸ் மாண்டேரோ 2009-ல் முன்வைத்தார். (மரச்சீனியும் அங்கிருந்து, இதுவும் அங்கிருந்து!) முதல் வகை அரிசி, பயறு, மீன், பழம், பால், இடித்தது, அரைத்தது, காயவைத்ததும் இதில்தான். இரண்டாவது எண்ணெய், உப்பு, சீனி. கருப்பட்டிக்கும் இடம் இங்கேதான். மூன்றாவது இவற்றைச் சேர்த்து எளிய முறையில் செய்த ஊறுகாய், கருவாடு போன்றவை. நாலாவதுதான் சிக்கல். வீட்டுச் சமையலறையில் இல்லாத சாமான்கள், நிறமூட்டி, மணமூட்டி, பால்மமாக்கி (எண்ணெயும் தண்ணீரும் பிரியாமல் சேர்த்து வைக்கும் பொருள்) எல்லாம் போட்டு ஆலையில் உருவாக்குவது.

அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் குழு செய்த சோதனை 2019-ல் வெளிவந்தது. இருபது பேரை நாலு வாரம் உள்ளேயே தங்கவைத்தார்கள். இரண்டு வாரம் நாலாம் வகைச் சாப்பாடு, இரண்டு வாரம் சமைத்த சாப்பாடு. தட்டில் வைத்த சக்தி, சர்க்கரை, கொழுப்பு, நார், உப்பு இரண்டிலும் சமம். வேண்டும் மட்டும் சாப்பிடலாம். நாலாம் வகையில் ஒரு நாளைக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாக உள்ளே போயிருக்கிறது, வேகமாகவும் சாப்பிட்டிருக்கிறார்கள். இரண்டு வாரத்தில் எடை சராசரி 0.9 கிலோ ஏறியது, மற்ற இரண்டு வாரத்தில் அதே அளவு இறங்கியது. சின்னச் சோதனைதான், குறுகிய காலம்தான், ஆனால் கவனமாகச் செய்தது. செலவுக் கணக்கையும் அவர்களே போட்டார்கள்: நாலாம் வகைக்கு வாரம் 106 டாலர், சமைத்ததற்கு 151.

பழையபோர்மா | ஞாயிறு, இரவு 8.48

பதினெட்டு வருஷம் பேக்கரியில் போர்மா அடுப்பில் நின்றவன், எல்லைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும். பாக்கெட்டை மட்டும் திட்டுகிறீர்கள், கண்ணாடிப் பெட்டியில் இருக்கும் பப்ஸுக்கும் பன்னுக்கும் பின்பக்கமே கிடையாது, எதைத் திருப்பிப் படிப்பீர்கள்?

பப்ஸ் இதழ் இதழாக உதிரணும் என்றால் மாவுக்குள் மார்ஜரின் வைத்து மடிக்கணும். அட்டைப்பெட்டியில் மஞ்சள் கட்டியாக வரும். வெண்ணெயைக் கையில் வைத்தால் உருகும், அது உருகாது. பிசைந்துவிட்டுக் கையை வெந்நீரில் கழுவினால்தான் வழவழப்பு போகும். மாவைப் பரத்தி அதை வைத்து மடித்து, உருட்டி, மறுபடி மடித்து, ஒரு பப்ஸில் எத்தனை அடுக்கு என்று எண்ண முடியாது, அத்தனை அடுக்குக்கும் நடுவில் அதுதான். 2022 ஜனவரி முதல் ட்ரான்ஸ் கொழுப்பு (எண்ணெயைக் கெட்டியாக்கும்போது உண்டாகிறது, இதயத்துக்குக் கெடுதல்) இரண்டு சதவீதத்துக்கு மேல் கூடாது என்று சட்டம் வந்தது, நல்லது. ஆனால் ட்ரான்ஸ் குறைந்தால் கட்டியாக நிற்க வேறு கெட்டிக் கொழுப்பு வேணுமே, பாமாயில் வகை வந்து உட்கார்ந்தது.

கேரளத்தில் 2016-ல் பர்கர், பீட்ஸாவுக்கு 14.5 சதவீதம் கொழுப்பு வரி போட்டார்கள், ஞாபகம் இருக்கா? பெரிய பிராண்டு உணவகங்களுக்கு மட்டும். எங்க போர்மாவில் அன்றைக்கும் ஐந்நூறு பப்ஸ் இறங்கியது, வரியும் இல்லை வருத்தமும் இல்லை. அடுத்த வருஷம் ஜிஎஸ்டி வந்ததோடு அந்த வரியும் போச்சு.

நான் வீட்டில் பப்ஸ் சாப்பிடுவதில்லை. சாப்பிடாதே என்று யாரிடமும் சொன்னதும் இல்லை, அந்தக் காசில்தான் மகள் படித்தாள்.

இயற்கைவழி_77 | திங்கள், காலை 5.55

எல்லா வெள்ளையையும் விடுங்கள். வெள்ளைச் சீனி, மைதா, பாலிஷ் அரிசி, தூள் உப்பு. நேராக அளத்திலிருந்து கல் உப்பு வாங்கிப் போடுங்கள், அதுதான் இயற்கை.

தட்டும்தராசும் | திங்கள், காலை 8.10

முதல் மூன்றுக்குக் கை தூக்குகிறேன், உப்புக்கு இல்லை. அளத்து உப்பில் போதுமான அயோடின் கிடையாது. அயோடின் குறைந்தால் கழுத்துக் கழலை வரும், கர்ப்பிணிக்குக் குறைந்தால் பிள்ளையின் மூளை வளர்ச்சி பாதிக்கும். மரச்சீனி அதிகம் சாப்பிட்டு அயோடின் குறைவாக இருந்தால் கழலைக்கு இன்னும் தோது. அதனால்தான் அயோடின் சேர்க்காத உப்பைச் சாப்பாட்டுக்கு விற்பதற்கு 2006-ல் தடை போட்டார்கள். கல் உப்புதான் வேண்டும் என்றால் அயோடின் சேர்த்த கல் உப்பே கடையில் கிடைக்கிறது. எந்த உப்பானாலும் நாளைக்கு ஐந்து கிராமுக்குள்.

மாவுமில் | திங்கள், இரவு 9.20

மில் நடத்துகிறேன், முப்பது வருஷம் ஆச்சு. அம்மிக்கும் பாக்கெட்டுக்கும் நடுவில் நாங்கள் ஒருத்தர் இருக்கிறோம் என்று யாருக்கும் தோணவில்லையே.

எங்க மில்லில் ஞாயிறு காலை ஈர அரிசி நாள். முந்தின ராத்திரி ஊறப்போட வேண்டியதில்லை, மூணு மணி நேரம் ஊறினால் போதும். தண்ணீரை வடித்து, துணியில் பரப்பி, கையில் ஈரம் ஒட்டாமல் ஆனால் அரிசி உள்ளே நனைந்திருக்கும்போது கொண்டுவரணும். இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து நசுக்கினால் பொடியணும், அதான் பதம். புட்டுக்குக் கொஞ்சம் கரகரப்பாக, இடியாப்பத்துக்கு நைஸாகத் திரித்துத் தருவேன். வீட்டுக்குப் போய் உருளியில் வறுக்கணும். ஆவி அடங்கினதும் ஒரு பிடி எடுத்துத் தரையில் கோலம் போடுற மாதிரி விடுங்கள், இழை அறாமல் விழுந்தால் இறக்கிடலாம். ஆறவைத்து டப்பாவில் போட்டால் ஒரு மாசம். மூணு கிலோ வறுக்க ஒரு மணி நேரம் ஆகும். உருளிக்குப் பக்கத்தில் ஆம்பிளை நிற்கக் கூடாது என்று எங்கேயும் எழுதி வைக்கவில்லை.

சம்பா அரிசியில் செய்தால் சிவப்புப் புட்டு. மல்லி, மிளகாய், மஞ்சளும் கொண்டுவாங்க. ஆனா ஒண்ணு, எங்க மிஷினில் உங்களுக்கு முன்னாடி யார் எதைத் திரிச்சாங்கன்னு பார்த்துக்கோங்க. ஒரு தடவை சத்துமாவு திரிக்க வந்த டீச்சரின் மாவில் மிளகாய் வாசம் ஏறிப்போச்சு, இன்னிக்கும் ரோட்டில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கிறார்.

பாறசாலைமருமகள் | திங்கள், இரவு 9.41

அண்ணாச்சி, அந்த உருளி வரியைச் சட்டம் போட்டு மாட்டுங்க.

எல்லைக்கல் | மூன்று வாரம் கழித்து, ஞாயிறு, இரவு 8.05

நிலவரம் சொல்கிறேன்.

23-ல் இப்போது 9 மிச்சம். புட்டுப் பொடி, மஞ்சள், பெருங்காயம், மீன் மசாலா (அம்மா விட்டுத்தர மறுக்கிறாள், சேர்மானம் படித்தேன், எல்லாம் நம்ம மசாலாதான், இருக்கட்டும்), உப்பு, இப்படி. நூடுல்ஸ், மால்ட் பொடி, ஜாம், மசாலா ஓட்ஸ், பரோட்டா, ரஸ்க் போய்விட்டன. மகன் நூடுல்ஸுக்கு இரண்டு நாள் பேசாமல் இருந்தான், மூன்றாம் நாள் மட்டிப்பழக் குலை ஒன்று வாங்கித் தொங்கவிட்டேன், போகிற வருகிற நேரமெல்லாம் பிய்த்துத் தின்கிறான். அப்பாவுக்கு மட்டும் ஒன்றுக்கு மேல் கிடையாது.

பெரிய மாற்றம் நாலு மணிக்குத்தான். சிறுபயறு அவித்து, தேங்காய்ப்பூ கொஞ்சம், நல்லமிளகு தட்டிப் போட்டு ஒரு சின்னக் கிண்ணம். முதல் வாரம் அப்பா அதை ஆட்டுக்கு வைத்த பிண்ணாக்கைப் பார்ப்பதுபோல் பார்த்தார். இப்போது நாலடிக்கும் முன்னாலேயே வந்து உட்காருகிறார். ஆனால் ஒரு விஷயம் நேற்றுத்தான் தெரிந்தது. நடைக்குப் போகிறேன் என்று கிளம்பி முக்குச் சாயாக்கடையில் பழபஜ்ஜி சாப்பிடுகிறார், வாரம் இரண்டு நாள். கடைக்காரர் வாய் தவறிச் சொல்லிவிட்டார். அம்மா எதுவும் கேட்கவில்லை. மறுநாள் கிண்ணத்தில் பயறைப் பாதியாகக் குறைத்து வைத்தாள். அப்பா கிண்ணத்தைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், பேசாமல் சாப்பிட்டார்.

காலையில் வெறும் வயிற்றில் பார்க்கிற சர்க்கரை 168 இருந்தது இப்போது 139. மாத்திரை, நடை, பயறு, இதில் எது எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. மூன்று மாதச் சராசரி அடுத்தது ஆனி மாதம்தான் எடுக்கணும்.

போன ஞாயிறு நானே மாவு வறுத்தேன். முதல் ஈடு கருகிவிட்டது.

ஒரு உதவி வேண்டும். வீட்டுக்குப் பின்னால் மூன்று சென்ட் சும்மா கிடக்கிறது. காச்சில் கிழங்கு நட ஆசை. விதைக்கிழங்கு யாரிடமாவது இருக்கிறதா?

மாவுமில் | ஞாயிறு, இரவு 8.32

நம்ம வீட்டில் இருக்கு. முளை கட்டின துண்டு நாலு எடுத்து வைக்கிறேன், சாணிப்பாலில் முக்கி நிழலில் காயவைத்துத் தருவேன். அடுத்த ஞாயிறு பத்து மணிக்கு முன்னாடி வா, அப்புறம் மிளகாய் திரிக்கத் தொடங்கிடுவேன். தீயைக் குறைச்சு வை, கரண்டி நிற்கவே கூடாது.